ஞாயிறு யாருடைய நாள்? கடைத்தெருவும் நம் அன்றாட ஒழுங்குகளும்



சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பங்கு இல்லத்து வராந்தாவில் ஓர் இளம்பெண் நமக்காகக் காத்திருந்தார். அவர் நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அருகிலுள்ள ஊரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறார். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "ஃபாதர், ஞாயித்துக்கிழமை பூசைக்கு வராம இருக்கிறது சாவான பாவமா?" என்று கேட்டார்.

மறைக்கல்வியில் படித்ததை ஒப்புவிக்கும் பதில் நம் நாவில் தயாராக இருந்தது. ஆனாலும் "ஏனம்மா கேட்கிறாய்?" என்றோம். அவர் சொன்னது இதுதான்: ஞாயிறு அன்றுதான் கடையில் கூட்டம். எனவே ஞாயிறு விடுப்பு கிடையாது. வார விடுமுறை செவ்வாய். காலை எட்டேகால் பேருந்தைப் பிடித்தால்தான் கடை திறக்கும்போது உள்ளே இருக்க முடியும். நம் கோவிலில் ஞாயிறு திருப்பலியோ எட்டு மணிக்கு. "அது கூடப் பரவாயில்லை ஃபாதர். பூசை முடிஞ்சதும் நம்ம பங்கு ஆளுங்களே கடைக்கு வர்றாங்க. நான் புடவை எடுத்துப் போடப் போட, 'என்னம்மா, கோயில் பக்கம் ஆளையே காணோமே'ன்னு கேக்கிறாங்க. அதுக்குத்தான் அழுகையா வருது."

அன்று அவருக்கு நாம் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறோம். ஆனால் அவர் சென்ற பிறகு அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. ஞாயிறு யாருடைய நாள்? கடை திறப்பது, மூடுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? திருச்சபை என்ன சொல்கிறது? இவற்றுக்கு நடுவில் நாம் எப்படி வாழ்கிறோம்? இதைப் பற்றிச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை கடைகளை மூட வேண்டும் என்று அரசுச் சட்டம் இருப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்வது வேறு. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடப்பட வேண்டும். அது எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தேர்ந்துகொள்ளலாம். அந்த நாளைக் குறிப்பிட்டுக் கடையில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். பழைய கடைகளில் "வார விடுமுறை: வெள்ளி" என்று எழுதிய சிறு பலகையைப் பார்த்திருப்போம். அதன் வேர் இங்குதான் இருக்கிறது. அதே சட்டம், கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு தர வேண்டும் என்றும், அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

2019-ஆம் ஆண்டு மே மாதம் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் ஆண்டின் எல்லா நாள்களிலும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி தரப்பட்டது. 2022-இல் அது மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. இந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. கடைக்கு விடுமுறை இல்லாமற் போகலாம், வேலை செய்பவருக்கு இல்லாமற் போகக் கூடாது. சுழற்சி முறையிலாவது ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும்.

ஆக, சட்டத்தின் பார்வையில் நம் இளம்பெண்ணின் செவ்வாய் விடுமுறையில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் முந்தைய வாரங்களில் அந்தச் செவ்வாயும் கிடைப்பதில்லையாம். சட்டப்படி இது தவறு. ஆனால் தவறு கடைக்காரரோடு மட்டும் நிற்கிறதா? கிறிஸ்து பிறப்புக்குப் புத்தாடை எடுக்கக் கடைசி ஞாயிறு வரை காத்திருந்து கூட்டம் கூட்டமாகச் செல்கிறவர்கள் யார்? நாம்தானே! மீட்பரின் பிறப்பைக் கொண்டாட நாம் வாங்கும் ஆடை, ஒரு மகளின் ஓய்வை விலையாகக் கேட்கிறது.

சுரங்கத்துக்கு ஞாயிறு உண்டா?

நெய்வேலியில் வாழும் நமக்கு ஞாயிறு வேலை புதிதல்ல. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது முதல், இந்த ஊர் மூன்று ஷிப்டுகளில்தான் மூச்சு விடுகிறது. இங்கே நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்ய முடியும். "இன்று ஞாயிறு" என்று பம்புகளை நிறுத்தினால், திங்களன்று சுரங்கத்தில் தண்ணீர்தான் நிற்கும். அனல்மின் நிலையக் கொதிகலனும் அப்படியே. நாம் ஞாயிறு திருப்பலியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பாடுவதற்கும், அந்நேரம் ஒருவர் அங்கே வேலையில் நிற்பதே காரணம்.

1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் வாரத்துக்கு ஆறு நாள்களுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இருந்தது. எந்த நாள் ஓய்வு என்று அது கட்டளையிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, ஞாயிறே விடுமுறை என்று பொதுவாகச் சொல்லி, தேவைப்பட்டால் வேறு நாளை மாற்றிக் கொடுக்க வழி வைத்திருந்தது. இவ்விரண்டுக்கும் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் ஆறு நாள் வரம்பு இருக்கிறது. பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே: மனிதர் ஏழு நாளும் உழைக்கப் படைக்கப்பட்டவர் அல்லர்.

இந்த அடிப்படை எங்கிருந்து வந்தது? சீனாய் மலையிலிருந்து வந்தது. இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளையை மீண்டும் படித்துப் பாருங்கள் (இச 5:12-15). உனக்கு மட்டுமல்ல, உன் மகனுக்கும் மகளுக்கும், உன் அடிமைக்கும், உன் மாட்டுக்கும், உன் ஊரில் தங்கும் அந்நியருக்கும் ஓய்வு வேண்டும் என்கிறார் ஆண்டவர். ஏன்? எகிப்தில் நீயும் அடிமையாக இருந்தாய், அதை மறவாதே என்கிறார். அடிமைக்கு ஓய்வுநாள் கிடையாது. எனவே ஓய்வுநாள் என்பது விடுதலை பெற்றவர்களின் அடையாளம். அடுத்தவரின் ஓய்வைப் பறித்து நாம் ஓய்ந்திருந்தால், நாம் எகிப்தை நம்மோடு சுமந்துகொண்டு வந்திருக்கிறோம் என்று பொருள்.

ஞாயிறு விடுமுறை எப்படி வந்தது?

ஞாயிறு விடுமுறை நமக்குக் கிறிஸ்தவர்கள் என்பதால் ஆங்கிலேயர் தந்த சலுகை என்று பிற சமய நண்பர்கள் சிலர் நினைப்பதுண்டு. நாமும் அப்படி நினைப்பதுண்டு. உண்மை அவ்வளவு எளிதல்ல.

இயேசு உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள். யூதர்களுக்கும் உரோமையர்களுக்கும் அது வேலை நாள். தொடக்கக் கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகள், கூலியாள்கள். அவர்களுக்கு யார் விடுப்புக் கொடுப்பார்? எனவே விடியுமுன் கூடினார்கள். 112-ஆம் ஆண்டளவில் ஆளுநர் பிளினி உரோமைப் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது புலரும் முன் ஒன்றுகூடுகிறார்கள் என்று தெரிவித்திருக்கிறார். 304-இல் இன்றைய துனிசியப் பகுதியில் அபித்தினா என்ற ஊரைச் சேர்ந்த 49 பேர், தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகக் கைது செய்யப்பட்டு மறைச்சாட்சிகளானார்கள். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஞாயிறு விடுமுறை என்ற ஒன்று இல்லாமலேயே நம் முன்னோர் ஞாயிறைக் காத்தார்கள்.

321-ஆம் ஆண்டில்தான் பேரரசர் கான்ஸ்டன்டைன், நீதிபதிகளும் நகர மக்களும் கைவினைஞர்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். பருவம் தவறினால் பயிர் போய்விடும் அல்லவா! முதல் ஞாயிறு சட்டத்திலேயே தேவையறிந்த விலக்கும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வைப் போராடிப் பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வழியில் வந்தவர். பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை 1884-இல் தொடங்கியவர். அவருடைய தலைமையில் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்த பிறகே, 1890-இல் பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். மறு ஆண்டிலேயே வார விடுமுறை சட்டத்திலும் இடம்பெற்றது. அதே 1891-இல்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் உரிமைகள் பற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை எழுதி, ஞாயிறு ஓய்வைத் தொழிலாளிக்கு மறுக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். கத்தோலிக்கர் அல்லாத ஒரு தொழிலாளர் தலைவரும் கத்தோலிக்கத் திருத்தந்தையும் ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாமலேயே, ஒரே உண்மையைப் பேசியிருக்கிறார்கள். ஞாயிறு நம்முடைய தனிச்சொத்து அல்ல. உழைக்கும் எல்லாருக்கும் இறைவன் திறந்து வைத்த வாசல் அது.

பிற நாடுகளில்...

செர்மனியில் வாழும் நம் பங்கு மக்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் பால், காய்கறி வாங்க மறந்தா, திங்கள்கிழமைதான்." அங்கே 1919-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே ஞாயிறு, ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாக்கப்பட்டது. அந்தப் பிரிவு இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. பெர்லின் நகரம் திருவருகைக்கால ஞாயிறுகள் நான்கிலும் கடைகளைத் திறக்க அனுமதித்தபோது, திருச்சபைகள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் 1 அன்று அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவற்றுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது. ஆனாலும் மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், இரயில் நிலையக் கடை போன்றவற்றுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. போலந்து 2018 மார்ச் முதல் படிப்படியாக ஞாயிறு வணிகத்தைக் குறைத்தது. அதற்கு முன்கை எடுத்தது சாலிடாரிட்டி தொழிற்சங்கம். இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். சிறு கடைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

இவற்றை நாம் சொல்வது, "இங்கும் அப்படிச் சட்டம் வேண்டும்" என்று கேட்பதற்கு அல்ல. பல சமயத்தார் கூடி வாழும் நம் நாட்டில், ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்கு சனி, ஒருவருக்கு ஞாயிறு புனிதமானது. ஞாயிறு சந்தையில் கீரை விற்றுத்தான் அந்த வாரத்துக்கு அரிசி வாங்கும் பாட்டியும் இருக்கிறார். அவரது கூடையை மூடச் சொல்வது ஓய்வுநாளின் ஆண்டவருக்கு உகந்ததா? சட்டம் கடையை மூடலாம். ஆனால் மனத்தைத் திறக்க அதனால் இயலாது.

ஊரடங்கு ஞாயிறுகள் கற்றுத்தந்தது

அதை நாம் கண்ணாரக் கண்டோம். கொரோனா காலத்தில், 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் எல்லா ஞாயிறுகளிலும் தமிழ்நாடு முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு இருந்தது. மீண்டும் 2021 ஏப்ரல் 25 முதலும், பின்னர் 2022 ஜனவரியிலும் ஞாயிறு ஊரடங்கு வந்தது. மருந்துக்கடையும் பால் விற்பனையும் தவிர எல்லாம் மூடப்பட்டன. நம் கோவில் கதவுகளும் மூடப்பட்டன.

அன்று என்ன நடந்தது? ஒருபுறம், கடைத்தெரு ஓய்ந்தது. வீடுகளில் தந்தையரும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து உண்டார்கள். பல குடும்பங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து செபமாலை சொன்னதாக நம்மிடம் கூறினார்கள். மறுபுறம், சனிக்கிழமை மாலை மீன், இறைச்சிக் கடைகளில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். எந்தக் கூட்டத்தைத் தவிர்க்க ஞாயிறு மூடப்பட்டதோ, அந்தக் கூட்டம் சனிக்கு இடம் மாறியது. அன்றாடங்காய்ச்சிகளுக்கோ அந்த ஓய்வு பசியாக வந்தது. விதி நல்லதுதான், ஆனால் விதியின் நோக்கத்தை நெஞ்சில் வாங்காதவரை, அதற்குள் நுழைந்து வெளியேற நமக்கு ஆயிரம் சந்து தெரியும்.

விவிலியத்திலும் இப்படியே நடந்தது. நெகேமியா ஓய்வுநாளில் எருசலேமின் வாயில்களை அடைத்தார். வணிகர்களோ ஒருமுறை இருமுறை மதிலுக்கு வெளியே சரக்கோடு தங்கிப் பார்த்தார்கள் (நெகே 13:15-22). ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியம் விற்கலாம் என்று பொறுமையிழந்து காத்திருந்த வணிகரை ஆமோஸ் கடிந்துகொண்டார். அவர்கள் கடையைத் திறக்கவில்லை, ஆனால் ஏழையை ஏமாற்றும் கள்ளத் தராசு அவர்கள் மனத்தில் ஏற்கெனவே திறந்திருந்தது (ஆமோ 8:4-6).

வேறு சில அன்றாட விதிகள்

நம் நகரியத்தில் வாழ்வதே விதிகளோடு வாழ்வதுதான். வீடு நிறுவனத்துடையது, பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். குடியிருப்பில் நம் விருப்பப்படி கொட்டகை போட முடியாது. இவை நமக்குச் சில நேரம் எரிச்சலூட்டுகின்றன. ஆனால் அகன்ற சாலைகளும் மர நிழலும் நாம் அனுபவிக்கும்போது, அவை அதே விதிகளின் கனி என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் அருகிலேயே வடலூர் இருக்கிறது. வாடிய உயிர்களுக்காக உருகிய வள்ளலார் 1867-இல் அங்கே தருமச்சாலையை நிறுவினார். பசித்தவருக்கு அன்று முதல் அங்கே உணவு தரப்படுகிறது. தைப்பூசத்தன்று, வள்ளலார் நினைவு நாளாக, இறைச்சிக் கடைகளையும் மதுக்கடைகளையும் மூட அரசு ஆணையிடுகிறது. 2023-இல் அந்த நாள் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. "ஞாயித்துக்கிழமை கறி இல்லாம எப்படி ஃபாதர்?" என்று அன்று நம்மிடம் விளையாட்டாக அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. நாம் அவர்களிடம் கேட்டோம்: "தவக்கால வெள்ளிக்கிழமையில் நாம் மாமிசம் தவிர்ப்பதை அடுத்த வீட்டார் மதிக்கிறார்களே, அவர்களுக்குப் புனிதமான ஒரு நாளை நாம் மதித்தால் என்ன குறைந்துவிடும்?" அண்டை வீட்டார் போற்றும் நல்லவர் ஒருவருக்காக ஒரு நாள் சாம்பார் சாப்பிடுவது அன்புச் செயல்தான்.

இனி, நம் சொந்த வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். அதிகாலைக்கு அந்த விலக்கும் கிடையாது. ஆனால் நம் கோவிலில் பல ஆண்டுகளாக அதிகாலை ஐந்தரைக்கே ஒலிபெருக்கியில் பாடல் ஒலித்தது. ஒருநாள் அருகில் குடியிருக்கும் ஒருவர் வந்து மிகப் பணிவாகச் சொன்னார்: "ஃபாதர், நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுக்கிறவங்க இருக்காங்க. ஞாயிறு காலையிலதான் கொஞ்சம் தூங்குவோம்." நமக்கு வெட்கமாயிருந்தது. ஆண்டவரின் நாளை அறிவிக்கிறோம் என்று, உழைத்துக் களைத்த ஒருவரின் ஓய்வை நாமே கெடுத்துக்கொண்டிருந்தோம். விதி ஏன் இருக்கிறது என்று அன்று விளங்கியது. முகம் தெரியாத ஒரு மனிதரைப் பாதுகாக்கவே பெரும்பாலான விதிகள் இருக்கின்றன. நமக்கு விதி தெரிகிறது, அந்த முகம் தெரிவதில்லை.

ஆட்சி அதிகாரங்களுக்கு மனச்சான்றின் பொருட்டுப் பணிந்திருங்கள் என்று பவுல் கூறுவதும் (உரோ 13:5), தாம் மகனாயிருந்தும் பிறருக்கு இடறல் ஆகாதபடி இயேசு கோவில் வரியைச் செலுத்தியதும் (மத் 17:24-27) இந்த மனநிலைதான். அதே இயேசு, ஓய்வுநாள் விதியைக் காட்டிக் கூன் விழுந்த பெண்ணைக் காக்க வைக்க மறுத்தார் (லூக் 13:10-17). விதியை மதித்தார், மனிதரை அதைவிட மேலாக மதித்தார். கடவுளுக்கு எதிரான ஆணை என்றால் பணியாமல் இருக்கவும் திருத்தூதர்கள் அறிந்திருந்தார்கள் (திப 5:29). ஆனால் ஒலிபெருக்கியும் நெகிழிப் பையும் அந்தக் கணக்கில் சேராது அல்லவா!

திருச்சபை கேட்பது என்ன?

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 1247) ஞாயிறு பற்றி இரண்டு கடமைகளைச் சொல்கிறது. ஒன்று, திருப்பலியில் பங்கேற்பது. மற்றொன்று, வழிபாட்டுக்கும் அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உடல் மன ஓய்வுக்கும் தடையான வேலைகளைத் தவிர்ப்பது. முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறுகிறது (எண் 1248). பெரிய காரணத்தால் திருப்பலிக்கு வர இயலாதவர், தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடும்படி அதே எண் பரிந்துரைக்கிறது. தனிப்பட்ட சூழலில், தக்க காரணம் இருந்தால், பங்குத்தந்தையே விலக்கு அளிக்கவும், வேறு பக்திச் செயலாக மாற்றித் தரவும் முடியும் (எண் 1245).

நாம் அடிக்கடி மறக்கும் இன்னொரு போதனை கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் உள்ளது (எண் 2187). பிறர் ஆண்டவரின் நாளைக் கடைப்பிடிக்க முடியாதபடி, தேவையில்லாமல் அவர்கள்மீது வேலையைச் சுமத்தக் கூடாது என்கிறது அது. பொதுச்சேவை போன்ற தேவைகளுக்காகச் சிலர் ஞாயிறன்று வேலை செய்ய வேண்டியிருப்பதையும் அது ஏற்றுக்கொள்கிறது. எனவே சுரங்கப் பம்பு அருகில் நிற்பவரும், மருத்துவமனைச் செவிலியரும், பேருந்து ஓட்டுநரும் மனம் கலங்க வேண்டாம். கலங்க வேண்டியவர்கள், சனியன்று வாங்கியிருக்கக்கூடியதை ஞாயிறன்று வாங்கும் நாம்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1998-இல் ஆண்டவரின் நாள் பற்றி எழுதிய திருத்தூது மடலிலும், ஞாயிறு என்பது வழிபாட்டோடு இரக்கச் செயல்களுக்கும் தோழமைக்கும் உரிய நாள் என்று விளக்கியுள்ளார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, துணி, பாத்திரம், மின்சாதனம் போன்றவற்றை வாங்குவதை ஞாயிறிலிருந்து வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கிறிஸ்து பிறப்பு ஆடைகளை நவம்பரிலேயே வாங்கிவிட்டால், டிசம்பரில் ஒருவரின் வார விடுமுறை மிஞ்சும். ஷிப்ட் வேலையால் ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காத குடும்பங்களை இதற்காக யாரும் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவதாக, நம் பங்கில் கடை வைத்திருப்பவர்கள் வார விடுமுறையைப் பலகையில் எழுதுவதோடு நில்லாமல் கொடுக்கவும் வேண்டும். வேலையாள் எந்தச் சமயத்தவரானாலும், அவருக்குப் புனிதமான நாளில் சில மணி நேரமாவது விடுங்கள். 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதிப்படி, கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். நாள் முழுவதும் நின்றே இருப்பவருக்கு ஒரு ஸ்டூல் போடுவதும் ஓய்வுநாள் கட்டளையின் ஒரு பகுதிதான்.

மூன்றாவதாக, கோவிலில் காணாத ஒருவரிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்கும்முன், "உனக்கு எப்போது விடுமுறை?" என்று கேட்போம். அன்பியக் கூட்டங்களில், ஞாயிறு வேலைக்குச் செல்பவர்களின் பட்டியலைக் குற்றப் பட்டியலாக அல்ல, செபப் பட்டியலாக வைத்துக்கொள்வோம்.

நான்காவதாக, பங்குத்தந்தையரான நாம் மணியை மாற்ற வேண்டும். மக்களின் பேருந்து நேரத்தை அறியாமல் திருப்பலி நேரத்தை வைத்துவிட்டு, அவர்களை வரவில்லை என்று சொல்வது நியாயமல்ல.

அன்றைய பதில்

அந்த இளம்பெண்ணிடம் நாம் சொன்னோம்: "அம்மா, உன்னால் முடியாததைக் கடவுள் உன்னிடம் கணக்குக் கேட்கமாட்டார். இது உன் பாவமல்ல. நாங்கள் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய ஒன்று." பின்னர் பங்குப்பேரவையில் பேசி, ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு திருப்பலி தொடங்கினோம். ஒலிபெருக்கி இல்லை. முதல் வாரம் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். காவலாளி ஒருவர், செவிலியர் இருவர், நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த ஒரு தொழிலாளி, அவர்களோடு அந்தப் பெண்ணும் அவருடைய தோழிகளும். வெளியே இன்னும் இருட்டு. பொழுது புலரும் முன் கூடிய அந்த முதல் கிறிஸ்தவர்களைத்தான் நமக்கு நினைக்கத் தோன்றியது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்திருந்தார். கோவில் படியில் அமர்ந்து எல்லாரும் குடித்தார்கள். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவசரம் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இதுவும் ஞாயிறுதான் என்று புரிந்தது.

ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டாக்கப்பட்டது என்றார் நம் ஆண்டவர் (மாற் 2:27). அந்த மனிதர் நாம் மட்டுமல்ல, விற்பனை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரும்தான். வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, வண்டியைக் கடைத்தெருப் பக்கம் திருப்பும்முன் ஒரு கணம் அவரை நினைப்போம். உழைப்போர் அனைவருக்கும் உரிய ஓய்வு கிடைக்க இறைவன் அருள்புரிவாராக. ஆமென்.